கால் முறிந்து காம்பராவுக்குள் கிடக்கிறேன், வெளியே ஓயாத மழை: பொழுதை எப்படிக் கழிக்கலாம்?

மவுசாகலை_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் தோட்டத்து கிரவுண்டில் வொலிபோல் விளையாடி விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அடுத்த கிளினிக் ஆகஸ்ட்டில்தான், அதுவரைக்கும் காலை ஊன்றவே கூடாதாம்.

எங்கள் வீடு மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு காம்பரா (அறை). ஜூன் பிறந்ததில் இருந்து வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போனால் சாயந்தரம் கொழுந்து எடை பார்த்த பிறகுதான் திரும்புவார், தங்கச்சி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) தான். அம்மாயிக்குக் கண் பார்வை மங்கல், அடுப்பு சூட்டிலேயே உட்கார்ந்திருப்பார், நான் இந்தப் பக்கம் கட்டிலில் கிடப்பேன். காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும், சிக்னலும் போய்விடும். டேட்டா போட அம்மாவிடம் காசு கேட்க மனசு வரவில்லை. போன் நோண்டி நோண்டித் தலைவலிதான் மிச்சம். பகலில் தூங்கிவிட்டு ராத்திரி முழிப்பாகக் கிடக்கிறேன், வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன்.

பெரிதாகக் காசு செலவில்லாமல், உட்கார்ந்த இடத்தில் இருந்தே செய்யக்கூடிய ஏதாவது சொல்லுங்கள். "படம் பாரு, பாட்டுக் கேளு" வேண்டாம், அதெல்லாம் முடிந்துவிட்டது.

வட்டவளை_அண்ணன்

தம்பி, மழைதான் உன்னை அடைத்து வைத்திருக்கிறது என்றால் அந்த மழையையே அளந்து எழுத ஆரம்பி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் பல வருஷமாகச் செய்கிறேன், மழை மாதங்களில் என்னை நிமிர்த்தி வைத்திருப்பதே இதுதான்.

ஒன்றரை லீட்டர் சோடா போத்தல் ஒன்று எடு. நடுப்பகுதி நெளிவு இல்லாமல் நேராக இருக்கிற போத்தலாகப் பார். கழுத்துக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில் சுற்றி வெட்டு. வெட்டிய மேல் துண்டை மூடியைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக உள்ளே இறக்கினால் அதுதான் புனல், உள்ளே விழுந்த தண்ணீர் தெறித்து வெளியே போகாது. அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்குமே, அது மறைகிற வரைக்கும் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்று. அந்தத் தண்ணீர் மட்டம் உன் பூச்சியம். அதில் இருந்து மேலே மில்லிமீட்டர் ஸ்கேலைப் பார்த்து பேனையால் கோடு போட்டு, மேலே செலோடேப் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் முதல் நாளே கோடு கழுவிப் போய்விடும். போத்தலின் வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் ஏறின உயரம்தான் மழையின் அளவு, கணக்கு எதுவும் பார்க்கத் தேவையில்லை. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லீட்டர் தண்ணீர். 10 மில்லிமீட்டர் ஏறியிருந்தால், பத்துக்குப் பத்து மீட்டர் மரக்கறித் தோட்டம் ஒன்றில் ஆயிரம் லீட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை இப்படி யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தகரக் கூரையின் ஓரத்தில் வைக்காதே, கூரைத் தண்ணீரும் சேர்ந்துவிடும். மரத்தடியிலும் வைக்காதே. திறந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்ட வேண்டும். உனக்கு நடக்க முடியாது, தங்கச்சி பள்ளிக்கூடம் கிளம்புமுன் பார்த்துச் சொல்லட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்குத்தான் அளவு எடுக்கும், நீ ஏழு மணிக்கு எடுத்தாலும் பரவாயில்லை, தினமும் அதே நேரம் எடுத்தால் சரி. பார்த்த பிறகு ஊற்றிவிட்டு மறுபடி பூச்சியத்துக்குத் தண்ணீர் விடச் சொல். கொப்பி எழுதுவது உன் வேலை. கட்டம் போட்ட கொப்பியில் நாளுக்கு ஒரு பட்டையாக வரைந்துகொண்டே வா. ஒரு மாதம் போனால் உன் லயத்துக்கு மேலே என்ன நடந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். ஹட்டனில் தூறல் விழுகிற நேரம் உங்கள் மலையில் கொட்டிக்கொண்டிருக்கும், அந்த வித்தியாசத்தை உன் கொப்பிதான் சொல்லும்.

இன்னொன்று, இது முக்கியம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மண்சரிவு பற்றி அவதானமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் தயாராக வேண்டும், 150 தாண்டினால் ஆபத்தான இடத்தை விட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கிற அளவுகள் இவை. மழை விடாமல் பெய்கிற நாளில் மத்தியானமும் ராத்திரியும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஹல்துமுல்லை_காற்று

வட்டவளை அண்ணன் கடைசியாகச் சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை வாசியுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்கள் மூடப்பட்டது எங்கள் பக்கத்தில்தான். அளவு மட்டும் போதாது, கண்ணாலும் பார்க்க வேண்டும். தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு வருவது, மரமும் லைட் போஸ்டும் சாய்வது, பீலித் தண்ணீர் (மலை ஊற்றில் இருந்து வருகிற தண்ணீர்) திடீரென்று கலங்கலாக வருவது, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றுபோவது, இதில் ஏதாவது தெரிந்தால் அளவைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் வெளியேறுங்கள். தம்பிக்குக் கால் இப்படி இருப்பதால் எந்த வீட்டுக்குப் போவது, யார் தூக்குவது என்று பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் இப்போதே பேசிவைப்பது நல்லது.

எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு வேறு, அப்புறம் எழுதுகிறேன்.

ஹட்டன்_தாதி

தம்பி, பொழுதுபோக்குக்கு முதல் உடம்பு. காலைத் தலையணை வைத்து இடுப்பு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள், விரல்களை அடிக்கடி ஆட்டுங்கள். உள்ளே அரிக்கிறது என்று குச்சி, ஊசி எதையும் கட்டுக்குள் விடக்கூடாது. விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, கட்டு இறுகுகிற மாதிரி வீங்கினாலோ கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

தூக்கம் மாறியதுதான் எரிச்சலுக்குப் பாதிக் காரணம். அம்மா பெரட்டுக்குப் போகிற நேரத்திலேயே நீங்களும் எழும்பி முகம் கழுவி, உடுப்பு மாற்றி, கட்டிலை விட்டு இறங்கி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கதிரை போட்டு உட்காருங்கள். மழையாக இருந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். மற்றக் காலுக்கும் கைக்கும் உட்கார்ந்தபடியே தினமும் பயிற்சி கொடுங்கள். மனசு ரொம்பக் கனமாகிவிட்டால், வாழ்க்கையே வெறுப்பாக வந்தால், 1926க்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

லிந்துலை_டீச்சர்

எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தம்பி எழுதியதில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. அம்மாயி அடுப்படியில், தம்பி கட்டிலில். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுக்குள் ஒரே பொழுது போகாமல் கிடக்கிறது.

முதல் வேலையாக உங்கள் கதிரையை அடுப்படிக்கு மாற்றுங்கள் தம்பி. அப்புறம் அம்மாயிக்குத் தெரிந்த பாட்டை எல்லாம் போனில் பதியுங்கள். இதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, எல்லாப் போனிலும் குரல் பதிகிற வசதி இருக்கிறது. எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடியது, காமன் கூத்தில் கேட்டது, இதில் முக்கால்வாசி எங்கேயும் எழுதப்படவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். 1914இல் மடக்கும்புரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலைக்கு எம்.பி. ஆனவர். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் இதற்கு நேரம் ஒதுக்கினார், அதனால்தான் அந்தளவாவது நம் கையில் இருக்கிறது. அவருக்குக் கிடைக்காமல் போன பாட்டு உங்கள் அடுப்படியில் இருக்கலாம்.

எடுத்தவுடன் "பாட்டுப் பாடுங்கள்" என்று கேட்டால் "எனக்கு என்ன தெரியும், போடா" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரிக் கேளுங்கள். அம்மாவைத் தூங்க வைக்க என்ன பாடினீர்கள்? பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில்) ஆயா என்ன பாடுவார்? சாவு வீட்டில் யார் நன்றாக ஒப்பாரி வைப்பார்? எங்கள் மாமியார் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வாய் திறந்தார். செத்துப்போன ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "அவ மாதிரி வருமா" என்று ஆரம்பித்தவர், அவள் எப்படி இழுப்பாள் என்று காட்டுவதற்காகப் பாடிக் காட்டினார், அப்படியே இன்னொன்று, இன்னொன்று என்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் போனது. நடுவில் அடி மறந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள், சும்மா இருங்கள். அடுப்பை ஊதிவிட்டு அவராகவே பிடித்துக்கொள்வார். ஒப்பாரி பாடும்போது கண் கலங்குவார், அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுங்கள்.

தகரத்தில் மழை விழுகிற சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். போனை அம்மாயியின் மடியிலேயே, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், சேலைத் தலைப்பின் மேல் வையுங்கள். கூரைப் பக்கம் ஒரு கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் திகதி, அம்மாயி பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எப்போது பாடுவது என்று நீங்களே சொல்லிப் பதிந்துவிடுங்கள். பிறகு கொப்பியில் எழுதுங்கள், அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், திருத்தி நல்ல தமிழாக்க வேண்டாம். யாருக்காவது அனுப்புவதற்கு, டிக்டொக்கில் போடுவதற்கு முதல் அவரிடம் கேளுங்கள். சில பாட்டு வெளியே போகக்கூடாது என்று நினைப்பார், அது அவருடைய உரிமை.

பாட்டு ஓய்ந்தால் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு (தோட்டத்து மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்தது) தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்கள் யார் யார், நீலகிரியில் கூடலூரா கோத்தகிரியா, கடிதம் எந்த வருஷத்தோடு நின்றது? பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குடும்ப மரமாக வரையுங்கள்.

முன்னேறு_பதுளை

எல்லாம் சரி, ஆனால் 24, 25 வயசுப் பையன் இரண்டு மாசம் சும்மா கிடைக்கிற நேரத்தை மழை அளக்கவும் பாட்டு எழுதவும் செலவழிக்கச் சொல்கிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. இந்த நேரத்தில் சிங்களம் எழுத வாசிக்கப் படிக்கலாம், இங்கிலீஷ் படிக்கலாம், கம்பியூட்டர் கணக்குமுறை படிக்கலாம். கடை வேலையில் இருந்து ஒரு படி மேலே போக வழி கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரம் திரும்பக் கிடைக்காது.

லிந்துலை_டீச்சர்

பதுளைத் தம்பி, படிப்பு வேண்டாம் என்று ஒரு டீச்சர் சொல்வேனா? ஆனால் இவருக்கு வலி இருக்கிறது, தூக்கம் இல்லை, டேட்டா இல்லை, ராத்திரி முழித்துக் கிடக்கிறார். இந்த நிலைமையில் "இதையும் படித்து முடிக்கவில்லையே" என்ற குற்ற உணர்ச்சியையும் தலையில் ஏற்றினால் ஆள் இன்னும் சாய்ந்துவிடுவார். முதலில் காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டும், சாயந்தரம் அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம் வேண்டும். அது வந்த பிறகு சிங்களம் தானாக வரும். தங்கச்சியின் சிங்களப் புத்தகம் வீட்டிலேயே இருக்குமே, இரண்டு பேரும் ராத்திரி அரை மணி நேரம் சேர்ந்து வாசிக்கலாம். அந்தளவில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஹல்துமுல்லை_காற்று

சொன்ன மாதிரி வந்துவிட்டேன். தம்பி, வீட்டில் தாத்தா காலத்து ட்ரான்சிஸ்டர் ரேடியோ ஏதாவது கிடக்கிறதா? எஃப்.எம். மட்டும் எடுப்பது சரிவராது, மீடியம் வேவ் (ஏ.எம்.) இருக்க வேண்டும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றீர்கள், மீடியம் வேவுக்கு ராத்திரிதான் நேரம். பகலில் வானத்தில் ஒரு படலம் இந்த அலைகளை விழுங்கிவிடும், இருட்டியதும் அது கலைந்து, அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து விழும். என் கொப்பியில் முதல் பக்கத்தில் இருப்பவை புத்தளத்தில் இருந்து வருகிற 882, திருச்சி 936, தூத்துக்குடி 1053 (எல்லாம் கிலோஹேர்ட்ஸ்). முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒரு ஊர் போய் இன்னொரு ஊர் வரும், தெலுங்கு வரும், மலையாளம் வரும், என்ன பாஷை என்றே புரியாத ஒன்றும் வரும். ரேடியோவைத் தரையில் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கிற கறுப்புக் கம்பிதான் ஏரியல், அது ஒரு பக்கத்தில் இருந்து வருவதை நன்றாகப் பிடிக்கும், அதன் நுனி நீட்டுகிற பக்கத்தில் இருந்து வருவது அமுங்கிப்போகும். ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு நிலையங்களை இப்படிச் சுற்றியே பிரித்துவிடலாம். போன் சார்ஜரும் எல்.ஈ.டி. பல்பும் ர்ர்ர் என்று இரைச்சல் கொடுக்கும், கரண்ட் போன ராத்திரிதான் ரேடியோ மிகவும் தெளிவாகக் கேட்கும். உங்களுக்குத்தான் அடிக்கடி கரண்ட் போகிறதே. நேரம், இலக்கம், என்ன பாஷை, என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு என்று எழுதிவையுங்கள்.

மின்னல் நாளில் வேண்டாம், வெறும் படபடப்புதான் கேட்கும்.

கொட்டகலை_கம்பளி

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சேலை, கிழிந்த சட்டை, பள்ளிக்கூட யூனிபோம் துண்டு எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டிக் கையாலேயே தைத்து இணைத்தால் போர்வை ஆகிறது. நடுவில் பழைய கம்பளியை வைத்து ஓடு தையல் போட்டால் இந்தக் குளிருக்கு நன்றாகத் தாங்கும். ஆண் பிள்ளைக்குத் தையலா என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். புடவைக்கடையில் வேலை செய்கிற உங்களுக்குத் துணியின் நேர்நூல், குறுக்குநூல் எங்களைவிட நன்றாகத் தெரியும். வெட்டும்போது அட்டையில் ஒரு சதுரம் வெட்டி அதை வைத்தே வெட்டுங்கள், கண் அளவில் வெட்டினால் பத்தாவது துண்டில் கோணல் தெரியும். காட்டன் தனி, நைலெக்ஸ் தனி.

மவுசாகலை_தம்பி

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகச் சிக்னல் இல்லை, அதனால்தான் பதில் எழுதப் பிந்திவிட்டது.

போத்தல் வெட்டியாகிவிட்டது. தங்கச்சிதான் குச்சி நட்டுக் கட்டினாள், நேற்றுக் காலை 48 மில்லிமீட்டர், இன்றைக்கு 31. அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் கொப்பியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாராம். பக்கத்துக் காம்பரா மாமாவிடமும் பேசிவிட்டோம், ஏதாவது என்றால் அவரும் மகனும் என்னைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.

அடுப்படிக்குக் கதிரையை மாற்றினேன் டீச்சர். பாட்டு இன்னும் வரவில்லை. ஆனால் பிள்ளைக் காம்பரா ஆயாவைப் பற்றிக் கேட்டதும் அம்மாயி ஒரு மணி நேரம் பேசினார். அம்மாயிக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும், கூடலூர் போனவராம். அம்மாவுக்கும் அவர் பெயர் தெரியாது. பேச்சையும் பதியலாமா, இல்லை பாட்டு மட்டும்தானா? போனில் இடம் குறைவாக இருக்கிறது, ஒரு மணி நேரம் பதிந்தால் நிறைய இடம் பிடிக்குமா?

ரேடியோ பரணில் இருக்கிறது, பெட்டரி வைக்கிற இடம் துருப்பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது.

லிந்துலை_டீச்சர்

பேச்சைக் கட்டாயம் பதியுங்கள், அதுதான் முதலில் வேண்டும். குரல் மட்டும் என்பதால் வீடியோ மாதிரி இடம் பிடிக்காது, ஒரு மணி நேரப் பேச்சு சாதாரணத் தரத்தில் சில பத்து எம்.பி.க்குள் முடிந்துவிடும். வட்ஸ்அப்பில் வந்து கிடக்கிற குட்மோர்னிங் படங்களையும் வீடியோக்களையும் அழித்தால் போதும். கிழமைக்கு ஒரு தடவை தங்கச்சி மூலம் டவுனில் ஒரு மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துவையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும். அந்த அண்ணனின் பெயர், எந்த வருஷம் போனார், எந்த எஸ்டேட் என்று மூன்றையும் கேட்டு எழுதுங்கள். கூடலூரில் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன, விசாரித்துப் பார்க்கலாம்.

ஹல்துமுல்லை_காற்று

துருவுக்குப் பயப்பட வேண்டாம். அந்தப் பச்சைத் தூளைக் கையால் தொடாமல், பழைய பல்துலக்கும் பிரஷில் ரெண்டு சொட்டு வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் தேயுங்கள். துணியால் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, கம்பி பளிச்சென்று தெரிகிற வரைக்கும் மெல்லிய அரத்தாளால் உரசுங்கள். அப்புறம் பெட்டரி போட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் பின்மூடியைக் கழற்றி உள்ளே ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.